உழவு இயந்திரத்தில் ஸ்ரியறிங் ஒயில் ஒழுகினால்...



1990 இல் வலிகாமம் வடக்கிலிருந்து இடம்பெயர்ந்த குடும்பங்களுக்கு அவர்களது காணிகள் போருக்குப் பின்னர் கட்டங்கட்டமாகவே திரும்பக் கிடைத்தன. கிடைத்த காணிகளிலும் பற்றையும் கல்லுமே நிறைந்திருந்தன. அத்தகைய நிலத்தை மண்வெட்டியால் மட்டும் திருத்த முடியாது. போர் முடிந்த 2009 இற்குப் பின்னர் இந்திய அரசு வட மாகாணத்துக்கு 500 உழவு இயந்திரங்களை வழங்கியது. அவை கமநல சேவை நிலையங்கள், கூட்டுறவுச் சங்கங்கள் ஊடாகப் பொதுப் பாவனைக்கு வந்தன. பொதுப் பொருளைப் பராமரிப்பது யார் பொறுப்பு? இந்தப் பாடம் அந்தக் கேள்வியிலிருந்தே பிறக்கிறது.

ஓர் அனுபவம்

சில ஆண்டுகளுக்கு முன்னர், மீளக்குடியேறிய கிராமம் ஒன்றில் பொது இயந்திரத்தை ஓட்டியவர் ஒவ்வொரு காலையும் ஸ்ரியறிங் தாங்கிக்குள் அரைப் போத்தல் ஒயில் ஊற்றிவிட்டு வேலைக்குப் போவார். அது எங்கே போகிறது என்று அவர் தேடவில்லை, நாமும் கேட்கவில்லை. மூன்றாம் கிழமை பெட்டியில் கல் ஏற்றி வரும்போது, முடக்கில் ஸ்ரியறிங் இறுகிவிட்டது. இயந்திரம் வேலியை உடைத்துக்கொண்டு நின்றது. சற்றுத் தள்ளிக் கட்டில்லாத கிணறு ஒன்று இருந்தது. யாருக்கும் காயமில்லை. பின்னர் தேடியபோது பழுதாகியிருந்தது ஒரு சிறிய செப்பு வாசர் மட்டுமே.

ஒழுக்கின் அறிகுறிகள்

எஞ்சினால் சுழலும் பம் ஒன்று ஒயிலை அமுக்கத்துடன் குழாய் வழியே தள்ளுகிறது. அந்த அமுக்கமே முன் சில்லுகளைத் திருப்ப உதவுகிறது. ஒயில் குறைந்தால் பம் காற்றை உறிஞ்சும். அப்போது ஸ்ரியறிங் பாரமாகும் அல்லது வெட்டி வெட்டித் திரும்பும். திருப்பும்போது முனகல் சத்தம் கேட்கும். தாங்கியில் நுரை காணப்படும்.

துளித்துளியாகத்தானே போகிறது என்று எண்ணவேண்டாம். ஏறக்குறைய 20 துளிகள் ஒரு மில்லி லீற்றர். செக்கனுக்கு ஒரு துளி என்றால் மணிக்கு 180 மில்லி லீற்றர்; எட்டு மணிநேர உழவில் ஏறக்குறைய ஒன்றரை லீற்றர்.

இடத்தைக் கண்டுபிடித்தல்

1. இயந்திரத்தைச் சமதரையில் நிறுத்தி, கலப்பையை இறக்கி, பிரேக் போட்டு, சில்லுகளுக்குக் கல் அடையுங்கள்.

2. எஞ்சின் ஆறிய பின் பம், குழாய்கள், பூட்டுகள், முன் அச்சிலுள்ள சிலிண்டர் ஆகியவற்றை மண்ணெண்ணெய்த் துணியால் துடையுங்கள். அழுக்கின் மேல் ஒழுக்குத் தெரியாது.

3. கீழே வெள்ளைக் கடதாசி மட்டையை விரியுங்கள். ஒருவர் எஞ்சினை மெதுவாக ஓடவிட்டு ஸ்ரியறிங்கை இருபுறமும் சில தடவை முழுதாகத் திருப்பட்டும். முழுதாகத் திரும்பிய நிலையில் இறுக்கிப் பிடித்திருக்கக் கூடாது. மற்றவர் சற்று விலகி நின்று பார்க்கட்டும்.

4. எஞ்சினை நிறுத்தி, ஈரமான இடங்களில் ஆக மேலே உள்ளதைத் தேடுங்கள். ஒயில் கீழ்நோக்கி வடியும். ஆகவே துளி விழும் இடம் பழுதான இடமாக இருக்கவேண்டியதில்லை.

எச்சரிக்கை: ஓடும் எஞ்சினின் குழாயைக் கையால் தடவிப் பார்க்கவேண்டாம். ஊசித்துளையால் பாயும் ஒயில் தோலைத் துளைத்து உள்ளே போகும். காயம் சிறிதாகத் தெரியும். ஆனால் கையையே இழக்க நேரிடலாம். வலி இல்லாவிட்டாலும் உடனே வைத்தியசாலைக்குச் செல்லுங்கள்.

திருத்தும் முறை

பூட்டு இளகியிருந்தால் இரண்டு ஸ்பானர்களால் அளவோடு இறுக்குங்கள். மிகையாக இறுக்கினால் புரி அழியும். அதன் பின்னும் ஒழுகினால் வாசரை மாற்றுங்கள். அமுக்கக் குழாய் வெடித்திருந்தால் சைக்கிள் ரியூப் சுற்றியோ தண்ணீர்க் குழாய் பூட்டியோ ஓட்டவேண்டாம். அதே அமுக்கத்தைத் தாங்கும் குழாயையே பொருத்தவேண்டும். சிலிண்டர் தண்டில் ஒயில் வடிந்தால் சீல் தேய்ந்துவிட்டது. தண்டில் துருவோ கீறலோ இருந்தால் புதுச் சீலும் விரைவில் கிழியும். இதுவும் பம் திருத்தமும் மெக்கானிக்கின் வேலை.

கைநூலில் குறித்த ஒயிலையே ஊற்றுங்கள். பிரேக் ஒயில் சீல்களைக் கெடுத்துவிடும். திருத்திய பின் தாங்கியை நிரப்பி, ஸ்ரியறிங்கை மெதுவாக இருபுறமும் திருப்பிக் காற்றை வெளியேற்றி, குறைந்ததை மீண்டும் நிரப்புங்கள். நுரை நின்றதும் வேலைக்குப் போகலாம்.

கிணற்றை நினைப்போம்

எமது குடாநாட்டில் ஆண்டு முழுதும் ஓடும் ஆறு இல்லை. சுண்ணாம்புக் கல்லுக்குள் தேங்கும் மழைநீரே எமது குடிநீர். மேலேயுள்ள செம்மண் பல இடங்களில் மெல்லியது. நிலத்தில் ஊற்றுவது கிணற்றை அடையும். சுன்னாகம் பகுதிக் கிணறுகளில் எண்ணெய் கலந்த பிரச்சினை 2014, 2015 ஆம் ஆண்டுகளில் எத்தனை குடும்பங்களைத் தண்ணீருக்கு அலையவைத்தது என்பதை அறிவோம். ஆகவே ஒழுகும் ஒயிலைத் தட்டில் ஏந்துங்கள். பழைய ஒயிலை மூடிய கானில் சேர்த்து, அதனை வாங்குவோரிடம் கொடுங்கள்.

குழுவில் கலந்துரையாட

- எமது பொது இயந்திரத்தின் ஒயில் அளவைக் காலையில் பார்ப்பவர் யார்? ஊற்றிய அளவு கொப்பியில் எழுதப்படுகிறதா?
- வாடகைப் பணத்தில் திருத்தச் செலவுக்கென ஒரு பங்கை ஒதுக்குகிறோமா?
- பழுது தெரிந்தும் "இன்றைக்கு ஓடட்டும்" என்று நாம் சொன்ன நாள் உண்டா?

மாரி மழை தொடங்கிய பின் இயந்திரம் நின்றால் ஒரு போகமே பிந்திவிடும். எனவே மழைக்கு முன் ஒரு பின்னேரத்தை இந்தச் சோதனைக்கு ஒதுக்குவோம்.