புகைக்குழாயும் டர்போவும்

மட்டக்களப்பிலிருந்து வாழைச்சேனை செல்லும் வீதியில், வந்தாறுமூலைக்கு அண்மையில், நெல்லேற்றிய உழவு இயந்திரமொன்றை முந்த விழையும் ஓட்டுநர் விசைமிதியை அழுத்துகின்றார். டர்போ பூட்டிய காராயின், விசை உடனே எழாது. சற்றே தயங்கி, எதிரே பஸ் தோன்றும் வேளையிற் பொங்கியெழும். இதனை ‘டர்போ லாக்’ என்பர். நாம் ‘சுழலித் தயக்கம்’ எனலாம். இதனைப் போக்கப் புகைக்குழாயை மாற்ற எண்ணும் பழைய மாணவர் நம்மிடையே உளர். அவர்பொருட்டே இக்கட்டுரை.

இயந்திரம் கழிக்கும் வெம்புகையே டர்போவின் சக்கரத்தைச் சுழற்றுகின்றது. ஆதலின், இடைக்குழாயிற் புகையின் விரைவும் வெப்பமும் குன்றலாகாது. அகன்ற குழாயே நன்றென்பார் பலர். வாய்க்கால் கண்ட நம் போடிமார் அவ்வாறு கூறார். ஒடுங்கிய வாய்க்காலில் விரையும் நீர் அகன்றதிற் சோம்பிக் கிடக்கும். நீண்டு வளைந்து மினுங்கும் எஃகுக் குழாய்கள் பந்தயத்தின் உயர்சுழற்சிக்கு உரியன. டர்போவின் பாரத்தைத் தாங்கி, வெப்பத்தால் வெடிப்பனவும் அவற்றுட் பல. மாடும் சைக்கிளும் குறுக்கிடும் நம் வீதிக்குக் குறுகிய வார்ப்பிரும்புக் குழாயே சாலும்.

மற்றொன்று, புகைத்துடிப்பு. நான்குருளை இயந்திரம் பெரும்பாலும் 1-3-4-2 என்னும் முறையில் எரியும். அடுத்தடுத்து எரியும் உருளைகளை ஒரே குழாயிற் சேர்ப்பின், ஒன்றன் புகை மற்றதன் வாயிலை அடைக்கும். 1, 4 ஒரு குழாயிலும் 2, 3 மறு குழாயிலும் சேர்தல் வேண்டும். இவ்வாறு துடிப்பைப் பிரித்தாளும் நெறியை வகுத்தவர், 1905-இல் டர்போவுக்குக் காப்புரிமை கோரிய சுவிட்சர்லாந்துப் பொறியியலாளர் அல்பிரட் பூச்சி. ஆயின் டர்போவுக்கும் இருவாய் இருத்தல் வேண்டும். ஒருவாய் டர்போவுக்கு இரட்டைக்குழாய் வாங்குவது பெரும்பாலும் வீண்செலவு.

சென்னையை அடுத்த மறைமலைநகரில் 2013 முதல் உருவான போர்ட் எக்கோஸ்போர்ட் காரின் 999 கன செ.மீ. இயந்திரம் மூன்றுருளை உடையது. எரிதல்கள் 240 பாகை இடைவெளியில் நிகழ்வதால் துடிப்புகள் மோதுவது அரிது. புகைக்குழாயோ உருளைத்தலையுடன் ஒன்றாகவே வார்க்கப்பட்டது, மாற்றுதற்கு எதுவுமில்லை. அவ்வாலை 2022-இல் மூடப்பட்டது. இயந்திரம் இன்றும் நல்ல பாடம்.

புதுக்குழாய் தேடுமுன் பழையதன் இணைப்பைப் பார்த்தல் நன்று. கரித்தடமும், குளிர்ந்த இயந்திரத்தை முடுக்குங்கால் எழும் ‘டிக்டிக்’ ஒலியும் கசிவைக் காட்டுவன. கசியும் புகை சக்கரத்தைச் சுழற்றாது. அந்நிலையிற் பழுதான கேஸ்கற்றை மாற்றுவித்தலே முதல் வேலை.