டீசல் அடித்தால் லாரி மின்னாது

திருவதிகை, பண்ருட்டிப் பக்கம் பகுதிநேரமாக லாரி பாலிஷ் வேலை தொடங்கலாமா என்று கேட்டு வரும் தம்பிகள் பெருகிவிட்டார்கள். தொடங்கலாம். பலாவும் முந்திரியும் லோடு ஏறும் ஊர் இது. விக்கிரவாண்டி – தஞ்சாவூர் நெடுஞ்சாலையும் கடலூர் – சித்தூர் சாலையும் இதைத் தொட்டுப் போகின்றன. ஆனால் வருகிறவர்கள் எல்லாரும் ஒரே பாடத்தை ஒப்பிக்கிறார்கள்: "கழுவிட்டு மேல டீசல் ஸ்ப்ரே அடிச்சா போதும்ண்ணே. பளபளன்னு ஆயிடும், துருவும் பிடிக்காது." வண்டிக்குப் பெயின்ட் அடிப்பது என் தொழில். இந்தப் பேச்சைக் கேட்டுக் கேட்டுப் பொறுமை போய்விட்டது.

நம்பிக்கை: டீசல் மினுமினுப்பு தரும், துருவைத் தடுக்கும்.

உண்மை: அது மினுமினுப்பே இல்லை, எண்ணெய்ப் பசை. வண்டி ரோட்டில் ஏறியதும் புழுதி அதில் அப்பிக்கொள்ளும். அடுத்த முறை துணி போட்டுத் துடைக்கும்போது அந்தப் புழுதியே பெயின்டைக் கீறும்.

துருவைத் தடுக்குமா? டீசல் மெல்லிய எரிபொருள், மழைக்கு நிற்காது. கடலூர் துறைமுகத்தில் மீன் ஏற்றும் வண்டியின் சேஸிஸில் உப்பு படிந்திருக்கும். உப்பு காற்றின் ஈரத்தை இழுத்து வைத்துக்கொள்ளும். அதை நல்ல தண்ணீரில் கழுவி எடுக்காமல் மேலே டீசல் அடித்தால், உப்பு உள்ளேயே இருந்து இரும்பை அரிக்கும்.

கேடு அதோடு நிற்காது. லாரி டயரில் இயற்கை ரப்பர் அதிகம். டீசல் பட்டால் ஊதி மிருதுவாகும். கறுப்பாக மின்னுகிறதே என்று டயரில் பூசுகிறவர் டயரைக் கெடுக்கிறார். பிரேக் லைனிங்கில் பட்டால் பிடிப்புக் குறையும். லோடு வண்டியில் அது உயிரோடு விளையாடுவது. இரவில் பின்னால் வருகிறவருக்கு வண்டியைக் காட்டும் ஒளிரும் ஸ்டிக்கரின் பசையும் இளகும். எஃப்.சி. எனும் தகுதிச் சான்றுக்காக ரீபெயின்ட் அடிக்க வரும்போது, எண்ணெய் மிச்சமிருக்கும் இடத்தில் பெயின்ட் ஒட்டாமல் அம்மைத் தழும்பு போலக் குழி குழியாக விலகும். புகையாகத் தெளிக்கும் டீசல் எளிதில் தீப்பிடிக்கும் என்பதையும் யாரும் யோசிப்பதில்லை.

தார்க் கறையை டீசல் கரைக்கும், அது உண்மை. துணியில் கொஞ்சம் தொட்டுத் துடைத்து, உடனே ஷாம்பு போட்டுக் கழுவிவிட வேண்டும். அவ்வளவுதான் அதன் வேலை.

நம்பிக்கை: காம்பவுண்ட் தேய்க்கத் தேய்க்கப் பளபளப்பு கூடும்.

உண்மை: காம்பவுண்ட் பெயின்டைச் சுரண்டித்தான் பளபளப்பாக்குகிறது. தேய்க்கத் தேய்க்கப் பூச்சு மெலியும். கையால் வரைந்த மயிலுக்கும் எழுத்துக்கும் மேலே கிளியர் கோட் எனும் நிறமற்ற காப்புப் பூச்சு இருக்காது. நிறம் பஞ்சோடு வந்துவிடும். அங்கே மெழுகு மட்டும் போடுங்கள்.

நம்பிக்கை: அலுமினியத்துக்குக் காஸ்டிக் சோடாதான் சரி.

உண்மை: காஸ்டிக் அலுமினியத்தையே கரைக்கும். அழுக்கோடு உலோகமும் போகும், கையும் வெந்துபோகும்.

நம்பிக்கை: ஜி.எஸ்.டி. இல்லாமல் தொடங்க முடியாது.

உண்மை: சேவைத் தொழிலில் ஆண்டு வரவு 20 லட்சம் ரூபாய்க்குள் இருந்தால் பொதுவாகப் பதிவு தேவையில்லை. சிறுதொழிலுக்கான உத்யம் பதிவு இலவசம். அதற்குப் பணம் கேட்கிறவரிடம் போகாதீர்கள்.

நம்பிக்கை: வண்டி கழுவுவது மட்டமான வேலை.

உண்மை: திலகவதியார் வீரட்டானேசுவரர் கோயிலைப் பெருக்கி மெழுகிய ஊரில், அவர் தம்பி அப்பர் உழவாரம் ஏந்தித் தொண்டு செய்த மரபில் வந்துவிட்டு இப்படிப் பேசலாமா?

கடைசியாக, எனக்கு எல்லாவற்றையும்விடப் பெரிய விஷயம். கெடிலம் ஆற்றில் வண்டியை இறக்கிக் கழுவாதீர்கள். கழுவிய தண்ணீரை அதில் விடவும் செய்யாதீர்கள். ஆற்றில் மாசு கலப்பதை 1974 ஆம் ஆண்டின் நீர் மாசுத் தடுப்புச் சட்டம் தடுக்கிறது. சட்டமே இல்லாவிட்டாலும், கரையோரக் கிணறுகளில் நாம் குடிக்கும் தண்ணீர் அது. சிமென்ட் தளம் போட்டு, கழிவுநீரை முதலில் மணல் தங்கும் தொட்டிக்கும் அடுத்து எண்ணெய் மிதக்கும் தொட்டிக்கும் விடுங்கள். மிதக்கும் எண்ணெயை வாரித் தனியே சேர்த்து வையுங்கள். பாலிஷ் மெஷின் வாங்கும் முன் இந்த இரண்டு தொட்டியைக் கட்டுங்கள். அதற்கு மனமில்லாதவர் இந்தத் தொழிலுக்கே வர வேண்டாம்.