வலையை இழுப்பதா, தாளுக்குப் பதில் சொல்வதா?

கேள்வி: தனுஷ்கோடி கம்பிப்பாட்டில் கரைவலை இழுக்கிற குடும்பம் எங்களுடையது. கல்லூரிப் பிள்ளைகள், தொண்டு நிறுவனத்தார், அரசு ஆட்கள் என்று யாராவது தாளோடு வந்துகொண்டே இருக்கிறார்கள். வீட்டில் எத்தனை பேர், என்ன மீன் படுகிறது, என்ன வருமானம், கழிப்பறை உண்டா என்று எல்லாம் கேட்டு, படம் பிடித்து, கையெழுத்தும் வாங்கிப் போகிறார்கள். திரும்பி வந்தவரைப் பார்த்ததில்லை. இனி யாரிடமும் வாய் திறக்க வேண்டாம் என்கிறார் பெரியப்பா. அவர் சொல்வது சரியா? பதில் சொல்கிற நேரத்துக்குக் கூலி கேட்டால் தப்பா?
– ஒரு வாசகர், தனுஷ்கோடி

பதில்: பெரியப்பாவின் கோபம் நியாயம்தான் தம்பி. அவருடைய முடிவில்தான் எனக்குச் சம்மதமில்லை.

1964 டிசம்பர் புயலுக்குப் பிறகு, மனிதர் வாழத் தகுதியற்றது என்று அரசு அறிவித்த ஊர் உங்களுடையது. காகிதத்தில் ஆளில்லாத ஊரில் இத்தனை காலமாக நீங்கள் வலை இழுத்துக்கொண்டிருக்கிறீர்கள். 2017இல் அரிச்சல்முனை வரை சாலை வந்தது. 2025 ஜூனில் பெரும்பூநாரைகளுக்காக 500 ஹெக்டேருக்கும் மேலான பரப்பு சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. நல்ல காரியம். எந்தத் திட்டில் எத்தனை பூநாரை இறங்குகிறது என்பதற்குக் கணக்கு இருக்கிறது. உங்கள் வலை எந்த மாதம் எந்தக் கரையில் விழுகிறது என்பதற்கு அப்படியொரு கணக்கு உண்டா? இல்லையென்றால், நாளைக்கு இந்தக் கரைக்கு என்ன திட்டம் எழுதினாலும் அதில் பறவை இருக்கும், நீங்கள் இருக்க மாட்டீர்கள்.

அதற்காக வருகிற தாளுக்கெல்லாம் தலையாட்டச் சொல்லவில்லை. முதலில், உங்கள் பதில் எங்கே போகிறது என்று தெரிந்துகொள்ளுங்கள். 1971 வரை மண்டபம் முகாமில் தலைமையகம் வைத்திருந்த மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனத்தை எடுத்துக்கொள்வோம். நாடு முழுக்க எவ்வளவு மீன் பிடிபடுகிறது என்று சொல்கிறவர்கள் அவர்கள். எல்லாப் படகையும் அவர்கள் எண்ணுவதில்லை, எண்ணவும் முடியாது. தேர்ந்தெடுத்த கரையில், தேர்ந்தெடுத்த நாளில், சில படகுகளின் மீனைப் பார்த்து, அதைப் பெருக்கி மொத்தக் கணக்கு போடுகிறார்கள். அதனால் ஒருவர் 'இன்னைக்கு ஒண்ணும் படலைங்க' என்று சும்மா சொல்லிவிட்டால், அந்தப் பொய்யும் சேர்ந்தே பெருகும். மானியமோ நஷ்டஈடோ பேசும் நாளில், மேசையில் இருப்பது அந்தக் கணக்குதான். கேட்பவரை ஏமாற்றி அனுப்புவது நம் ஊர்களில் ஒரு விளையாட்டு. கடைசியில் யார் ஏமாந்தது என்று பார்த்தால் தெரியும்.

தாளே தப்பாக இருந்தால் நேர்மையான பதிலாலும் பயனில்லை. காற்று மாறினால் ஆண்கடலான மன்னார் வளைகுடாவை விட்டுப் பெண்கடலான பாக் விரிகுடாவுக்கும், அங்கிருந்து மறுபடி இந்தப் பக்கத்துக்கும் போகிறவர்கள் நீங்கள். மே மாதம் விடுமுறையில் வந்து ஒரு வாரம் தங்கி எழுதும் ஆய்வேட்டில் உங்கள் வருஷத்தில் பாதிதான் இருக்கும். 'வாடைக் காலத்தில் வந்து மறுபாதியையும் எழுதிக்கொண்டு போங்க' என்று சொல்ல வேண்டியது நீங்கள்தான். கேள்வியைத் திருத்துவதும் பங்கேற்பில் சேர்த்திதான். என்னைக் கேட்டால் அதுவே பெரிய பங்கு.

இதற்கு வெகுதூரம் போய் உதாரணம் தேட வேண்டாம். பாம்பன் சின்னப்பாலத்திலும் சுற்று ஊர்களிலும் கடற்பாசி எடுக்கிற பெண்களைப் பாருங்கள். 1986இல் மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளும் தேசியப் பூங்காவானபோது, அவர்கள் பரம்பரையாகப் போய்வந்த தீவுக்கரை கால் வைத்தாலே குற்றமாகும் இடமாகிவிட்டது. அவர்களைப் பற்றியும் ஆய்வுகள் நடந்தன. ஆனால் அந்தப் பெண்கள் பதில் சொல்வதோடு நிற்கவில்லை. சங்கமாகச் சேர்ந்தார்கள், தங்களுக்குள் விதி வைத்தார்கள்: மாதத்தில் 12 நாள்தான் பாசி எடுப்பது, மீன்பிடித் தடைக்காலத்தில் 45 நாள் தொடவே கூடாது, இரும்புச் சுரண்டி வேண்டாம், கையால்தான். விரலில் துணி சுற்றிக்கொண்டு பாறையில் கிள்ளி எடுக்கும் வேலை அது. பாசி மறுபடி வளர எவ்வளவு நாள் வேண்டும் என்பது அவர்களுக்குத் தெரிந்த கணக்கு. அதை விதியாக எழுதி வைத்ததும் அதிகாரிகளோடு பேசும் தோரணையே மாறியது. பாசி எடுப்பவர் என்று சொல்லும் அடையாள அட்டைகள் வந்தன. அவர்களின் தலைவி சின்னப்பாலம் லட்சுமிக்கு 2015இல் அமெரிக்காவின் சீகாலஜி பரிசு கிடைத்தது. பரிசைவிட எனக்குப் பெரிதாகப் படுவது அந்த அடையாள அட்டைதான். தீவுப் பிரச்சினை அதோடு தீர்ந்துவிட்டது என்று நினைத்துவிடாதீர்கள்.

சட்டமும் ஓரளவு உங்கள் பக்கம் இருக்கிறது. 2002ஆம் ஆண்டுப் பல்லுயிர்ச் சட்டப்படி ஒவ்வோர் உள்ளாட்சியிலும் ஒரு குழு இருக்க வேண்டும். மக்களிடம் கேட்டு, அந்த ஊரின் உயிர்களையும் அவற்றைப் பற்றிய மக்களின் அறிவையும் பதிவேடாக எழுத வேண்டியது அதன் வேலை. எந்த இடத்தில் மணலைத் தோண்டினால் ஊற்று நல்ல தண்ணீராக இருக்கும், ஆவுளியா என்கிற கடற்பசு எந்தக் கடற்புல்வெளிக்கு மேய வரும் என்று உங்கள் பெரியப்பாவுக்குத் தெரிந்ததெல்லாம் அதில் ஏற வேண்டிய விஷயம். இந்த மாவட்டத்தில் வளர்த்த கடற்பாசியை ஏற்றுமதி செய்த பெப்சிகோ, இதே சட்டத்தின்படிதான் தேசியப் பல்லுயிர் ஆணையத்துக்குப் பங்குத்தொகை கட்டியது. நகராட்சிக்குப் போய் அந்தப் பதிவேட்டைக் காட்டச் சொல்லுங்கள்.

உடம்பு சம்பந்தமான ஆய்வென்றால், இரத்தம் எடுக்கிறார்கள் என்றால், இன்னும் கறாராக இருக்கலாம். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் 2017 வழிகாட்டி நெறிகள் தெளிவாக இருக்கின்றன: உங்களுக்குப் புரியும் மொழியில் விளக்க வேண்டும், ஒப்புதல் தாளின் நகல் உங்களுக்குத் தர வேண்டும், பாதியில் விலகினால் அதற்காக உங்கள் சிகிச்சையில் குறை வைக்கக் கூடாது. மீன், வருமானம் பற்றிய ஆய்வுகளை அந்த நெறிகள் நேரடியாகக் கட்டுப்படுத்தா. இருந்தாலும் அதே மரியாதையை யாரிடமும் கேட்கலாம். நல்ல ஆய்வாளர் கோபிக்க மாட்டார்.

முடிவு ஊருக்குத் திரும்பி வர வேண்டும் என்பதையும் முதல் நாளே பேசிவிடுங்கள். ஆங்கிலத்தில் அச்சடித்த அறிக்கை ஒன்றைக் கொடுத்துவிட்டுப் போவதை நான் கணக்கில் சேர்க்க மாட்டேன். பாம்பனில் மீனவர்களுக்காகவே 2016 முதல் கடல் ஓசை 90.4 பண்பலை இருக்கிறது. கண்டுபிடித்ததை அதில் வந்து தமிழில் சொல்லச் சொல்லுங்கள். வலை இழுத்தபடியே கேட்பவர்கள் தப்பைக் கண்டுபிடித்துவிடுவார்கள் என்ற பயம் வந்தாலே, பாதி ஆய்வுகள் ஒழுங்காகிவிடும்.

இனி கூலி. கேட்பது தப்பே இல்லை. இழந்த வேலைக்கும் போக்குவரத்துக்கும் ஈடு கொடுக்கலாம் என்று மேலே சொன்ன நெறிகளே சொல்கின்றன. ஆனால் பதிலுக்கு விலை பேசாதீர்கள். பணத்துக்காகச் சொன்ன பதில் என்று பிறகு தள்ளிவிட வசதியாகிவிடும். வலை இழுப்பது முப்பது நாற்பது கை சேர்ந்த வேலை என்பதால், ஒருவரைக் கூப்பிட்டு நிறுத்தினால் நஷ்டம் எல்லோருக்கும்தான். ஈட்டுத்தொகையைத் தனியாளிடம் வாங்காமல் வலைக் கணக்கில் சேர்த்துப் பங்கு வையுங்கள். நேரம் கேட்டால் வலை கரையேறிய பிறகு வரச் சொல்லுங்கள்.