இந்த மாதப் பாடம்: விளையாட்டுத் துணியைத் துவைப்பது எப்படி?



"துணி துவைக்கிறதுக்கும் ஒரு பாடமா?" என்று சிரிக்காதீங்க. ஆரணிப் பட்டை எப்படி அலச வேண்டும், எப்படி மடிக்க வேண்டும் என்று நமக்கு யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை. ஆனால் இன்று நம் வீடுகளுக்குப் புதிதாக ஒரு துணி வந்திருக்கிறது. கபடி, வாலிபால் ஆடும் பெண் பிள்ளைகளும், போலீஸ் தேர்வுக்காக விடியற்காலையில் ஓடிப் பழகும் பிள்ளைகளும் போடுகிற வழுவழுப்பான, மெல்லிய ஜெர்ஸிதான் அது. கடையில் 'டிரை-ஃபிட்' என்று சொல்லி விற்கிறார்கள். பௌர்ணமி அன்று நம் அடி அண்ணாமலை வழியாகக் கிரிவலம் போகிறவர்களில்கூடப் பலர் இதைத்தான் போட்டிருக்கிறார்கள்.

வாங்கிய சில மாதங்களிலேயே துவைத்தாலும் நாற்றம் போகவில்லை, எழுத்து உரிகிறது, இடுப்பு எலாஸ்டிக் தளர்ந்துவிட்டது என்று பல தாய்மார்கள் சொல்கிறார்கள். துணி மட்டம் என்று நினைத்து மறுபடி காசு கொடுத்து வாங்குகிறோம். பருத்திப் புடவையைத் துவைக்கிற மாதிரியே இதையும் துவைப்பதுதான் பெரும்பாலும் காரணம்.

இது என்ன துணி?

இது பாலியஸ்டர் நூலில் பின்னியது. உடம்போடு ஒட்டி நிற்க வேண்டிய டிராக், விளையாட்டு உள்ளாடை போன்றவற்றில் ஸ்பாண்டெக்ஸ் என்ற இழுவை நூலும் கொஞ்சம் சேர்ந்திருக்கும்.

பருத்தி ஈரத்தைக் குடித்து வைத்துக்கொள்ளும். காற்றில் உள்ள ஈரத்தை 100 கிராம் பருத்தி 7, 8 கிராம் வரை இழுத்து வைக்கும். பாலியஸ்டர் அரை கிராம்கூட வைக்காது. பிறகு வியர்வை எங்கே போகிறது? அகல் விளக்கில் திரி எண்ணெயை மேலே இழுக்கிறது அல்லவா? அதே வேலைதான். நூல்களுக்கு நடுவே உள்ள நுண்ணிய இடைவெளிகள் வியர்வையை உடம்பிலிருந்து இழுத்துத் துணியின் வெளிப்பக்கம் பரப்புகின்றன. அங்கே காற்றுப் பட்டு அது உலர்ந்துவிடுகிறது. ஓடுகிற பிள்ளைக்குச் சட்டை கனக்காமல் இருப்பது இதனால்தான்.

இந்த இடைவெளி அடைபட்டால், கசடு பிடித்த திரி மாதிரி துணி வேலை செய்யாது. இந்தப் பாடத்தில் நினைவில் வைக்க வேண்டியது இது ஒன்றுதான்.

நாற்றம் ஏன் போவதில்லை?

வியர்வைக்குத் தனியாக நாற்றம் கிடையாது என்றே சொல்லலாம். தோலில் உள்ள கிருமிகள் அதைத் தின்று நாற்றத்தை உண்டாக்குகின்றன. பாலியஸ்டர் தண்ணீரை விட்டுவிடும், ஆனால் உடம்பின் எண்ணெய்ப் பசையைப் பிடித்துக்கொள்ளும். 2014-ல் பெல்ஜியம் நாட்டில் கென்ட் பல்கலைக்கழகத்தார் 26 பேரைக் கடுமையாக சைக்கிள் மிதிக்க வைத்து, அவர்கள் சட்டைகளைச் சோதித்தார்கள். பருத்திச் சட்டையைவிடப் பாலியஸ்டர் சட்டையில்தான் நாற்றம் அதிகம். நாற்றம் உண்டாக்கும் ஒருவகைக் கிருமியும் அதில் நன்றாக வளர்ந்தது. ஆகவே, வியர்த்த ஜெர்ஸியைப் பைக்குள் சுருட்டி வைத்து ஞாயிற்றுக்கிழமை துவைக்கலாம் என்று விட்டால் கிருமிக்கு நாமே விருந்து வைத்தது போல.

துவைக்கும் முறை

1. விளையாடி வந்த உடனே ஜெர்ஸியைச் சாதாரணத் தண்ணீரில் ஒருமுறை அலசுங்கள். உடனே துவைக்க முடியாவிட்டால் கொடியில் விரித்தாவது போடுங்கள்.

2. உள்பக்கத்தை வெளியே திருப்பித் துவையுங்கள். வியர்வையும் எண்ணெயும் உள்பக்கத்தில்தான் இருக்கின்றன. எழுத்தும் உரியாது.

3. அரை வாளி குளிர்ந்த தண்ணீருக்கு ஒரு மேசைக்கரண்டி சோப்புத் தூள் போதும். "நுரை வந்தாதானே அழுக்கு போகும்?" என்று ஒரு குழுக் கூட்டத்தில் ஓர் அக்கா கேட்டாங்க. அதிகத் தூள் முழுவதும் அலசிப் போகாது. நூலுக்குள் தங்கி அடைத்துக்கொள்ளும்.

4. போர் தண்ணி உப்பாக இருக்கும் இடங்களில் கட்டி சோப்பை இதற்குப் போட வேண்டாம். சில சோப்பு உப்புத் தண்ணீரோடு சேர்ந்து வெள்ளையாகத் திரிந்து துணியில் படியும். தூளைக் கரைத்துப் பயன்படுத்துங்கள்.

5. 15, 20 நிமிடம் ஊறியதும் கையால் கசக்கி, நுரை போகும்வரை இரண்டு மூன்று தண்ணீரில் அலசுங்கள். முறுக்கிப் பிழியாமல் அமுக்கிப் பிழியுங்கள்.

6. பழைய நாற்றம் பிடித்திருந்தால், ஒரு வாளித் தண்ணீரில் இரண்டு மேசைக்கரண்டி ஆப்பச்சோடா கரைத்து அரைமணி நேரம் ஊற வைத்து, பிறகு துவையுங்கள்.

செய்யக் கூடாதவை

- கல்லில் அடிப்பது, பிரஷ் போட்டுத் தேய்ப்பது: மெல்லிய நூல் இழுபட்டுப் பிசிறு கிளம்பும்.
- கடைசி அலசலில் வாசனைத் திரவம் ஊற்றுவது: நூலின் மேல் வழவழப்பான பூச்சாகப் படிந்து இடைவெளியை அடைக்கும். முதல் நாள் மணக்கும், பிறகு வியர்வை இழுக்காது.
- கஞ்சி போடுவது: அதே கதைதான்.
- பிளீச்சிங் பவுடர்: சாயம் போகும், இழுவை நூல் செத்துப்போகும்.
- கொதிக்கும் தண்ணீர், சூடான இஸ்திரி: துணி சுருங்கும், எழுத்து உருகும். இந்தத் துணிக்கு இஸ்திரியே தேவையில்லை.

ஒளித்துக் காயப் போடாதீர்கள்

இதைக் கொஞ்சம் மனம்விட்டுப் பேச வேண்டியிருக்கிறது. பையனின் ஜெர்ஸி வாசலில் கொடியில் ஆடுகிறது. பெண் பிள்ளையின் விளையாட்டு உள்ளாடையும் ஷார்ட்ஸும் எங்கே காய்கிறது? குளியல் ரூம் மூலையில், அல்லது புடவைக்கு அடியில். "யாராவது பார்த்தா என்ன நினைப்பாங்க" என்று நாமே சொல்லி வளர்க்கிறோம்.

அந்த மூலையில் காற்று இல்லை, வெளிச்சம் இல்லை. அரை ஈரத்தோடு மறுநாள் பிள்ளை அதையே போட்டு ஓடுகிறாள். தொடை இடுக்கிலும் மார்புக்கு அடியிலும் அரிப்பு, படர்தாமரை வருகிறது. வெளியே சொல்லக் கூச்சப்பட்டு, "எனக்கு விளையாட்டு வேணாம்மா" என்கிறாள். விளையாட்டில் ஆசை போய்விட்டது என்று நாம் நினைத்துக்கொள்கிறோம்.

அரிப்பு வந்தால் மருந்துக் கடையில் கேட்டு ஏதோ ஒரு களிம்பு வாங்கித் தடவாதீர்கள். ஸ்டீராய்டு கலந்த களிம்பு அப்போதைக்கு அரிப்பை அடக்கும், ஆனால் படர்தாமரை மேலும் பரவும். ஆரம்ப சுகாதார நிலையத்தில் காட்டுங்கள். குணமாகும்வரை அந்தப் பிள்ளையின் துண்டு, துணிகளைத் தனியாகத் துவைத்து, வெயிலில் மொடமொடவென்று காய வையுங்கள். ஒருவர் துணியை மற்றவர் போடக் கூடாது.

மற்ற நாட்களில் காலை வெயிலும் நல்ல காற்றும் போதும். நாள் முழுக்க உச்சி வெயிலில் கிடந்தால் சாயம் வெளுக்கும். இந்தத் துணி காற்றோட்டத்தில் சீக்கிரமே காய்ந்துவிடும். கொடியில் போடுவதற்குக் கூச்சம் எதற்கு? அதுவும் துணிதானே!

சட்டைக்குள் இருக்கும் சீட்டு

கழுத்துக்குப் பின்னாலோ பக்கத் தையலிலோ ஒரு சின்னச் சீட்டு இருக்கும். உறுத்துகிறது என்று வெட்டி எறிவதற்கு முன் பாருங்கள். எழுத்துத் தெரியாதவர்களும் அதிலுள்ள படத்தைப் படிக்கலாம்.

- தொட்டிக்குள் 30 என்ற எண்: தண்ணீர் 30 டிகிரிக்கு மேல் சூடாக இருக்கக் கூடாது.
- முக்கோணத்தின் மேல் பெருக்கல் குறி: பிளீச் கூடாது.
- இஸ்திரிப் பெட்டிக்குள் ஒரு புள்ளி: மிகக் குறைந்த சூடு. அதன் மேல் பெருக்கல் குறி என்றால் இஸ்திரியே கூடாது.
- சதுரத்துக்குள் வட்டம், மேலே பெருக்கல் குறி: மெஷினின் சூட்டில் உலர்த்தக் கூடாது.

குழுக் கூட்டத்தில் செய்து பாருங்கள்

ஒரு பருத்தித் துண்டு, ஒரு ஜெர்ஸி இரண்டையும் நனைத்துப் பிழிந்து, கூட்டம் தொடங்கும்போது கொடியில் போடுங்கள். முடியும்போது தொட்டுப் பாருங்கள். எது காய்ந்திருக்கிறது? பிறகு இவற்றைப் பேசுங்கள்:

1. நம் குழுவில் எத்தனை வீடுகளில் பெண் பிள்ளைகள் விளையாடுகிறார்கள்? விளையாடி நிறுத்தியவர்கள் உண்டா? ஏன் நிறுத்தினார்கள்?
2. அவர்கள் துணி எங்கே காய்கிறது?
3. அரிப்பு, புண் வந்தால் அம்மாவிடம் சொல்லும் தைரியம் பிள்ளைக்கு இருக்கிறதா?

மூன்றாவது கேள்விக்குப் பதிலை வீட்டுக்குப் போய்ப் பிள்ளையிடமே கேளுங்கள். அடுத்த கூட்டத்தில் எல்லோரும் பகிர்ந்துகொள்ளுங்கள்.