வெண்டைக்காய் நுனியை ஒடிக்காதீங்க!

காய்கறி வாங்குவது பெரியவங்க வேலை என்று சொல்ல முடியாது. நம் வகுப்பில் பாதிப் பேர் சாயங்காலம் பையைத் தூக்கிக்கொண்டு கடைக்குப் போகிறவர்கள்தான். எங்க அப்பத்தா பஸ் ஸ்டாப் பக்கம் சாக்கு விரித்துக் காய் விற்கிறார். ஒட்டன்சத்திரம் மார்க்கெட்டில் வாங்கி வருவார். லீவு நாளில் நானும் கூட உட்காருவேன். அங்கே பார்த்ததை வைத்துத்தான் இதை எழுதுகிறேன்.

வெண்டைக்காய் வாங்க வருகிறவர்கள் செய்கிற முதல் வேலை, நுனியை 'டக்'கென்று ஒடிப்பது. ஒடிந்தால் பிஞ்சு, வளைந்தால் முற்றல். சோதனை சரிதான். பூ பூத்து ஐந்தாறு நாளில் காயைப் பறித்துவிட வேண்டும். விட்டால் நார் கெட்டிப்பட்டுவிடும். திசுக்கள் பாடத்தில் லிக்னின் என்று படித்தோமே, அதுதான் காரணம். தோட்டத்தில் ஒரு நாள் விட்டு ஒரு நாள் பறிப்பதும் இதனால்தான்.

ஆனால் ஒடித்த காய் என்ன ஆகிறது? சிலர் இருபது முப்பது காயை ஒடித்துவிட்டு, விலை படியலைன்னு அப்படியே போட்டுட்டுப் போயிடுவாங்க. ஒடிந்த இடத்தில் காற்றுப் பட்டுக் கறுத்துவிடும். தண்ணீர்ச் சத்தும் சீக்கிரம் போய்க் காய் வதங்கும். சாயங்காலம் வருகிறவர், "என்ன பாட்டி, நேத்துக் காயா?" என்று கேட்பார். காலையில் வந்த காய்தான் அது!

ஒரு கணக்குப் போடுவோம். விலை தினமும் மாறும், இது கணக்குக்காக. கிலோ 30 ரூபாய்க்கு 10 கிலோ வாங்கினால் 300 ரூபாய். 40 ரூபாய்க்கு எல்லாம் விற்றால் 400. நுனி ஒடிந்து 2 கிலோ நின்றுவிட்டால் கைக்கு வருவது 320தான். மிச்சம் 20 ரூபாய். அதிலும் மூட்டைக்கு லக்கேஜ் போய்விட்டால் டீக்குக்கூடக் காசு நிற்காது. மீந்த காய் ஆட்டுக்குத்தான்.

"ஒடிக்காதீங்கன்னு அட்டையில எழுதி வைக்கவா?" என்று அப்பத்தாவிடம் கேட்டேன். "வேணாம் ஆத்தா, வர்ற ஆளும் வராமப் போயிரும்" என்றார். அங்கே எழுத முடியாததை இங்கே எழுதுகிறேன்.

ஒடிக்காமலே கண்டுபிடிக்கலாம். காயின் நடுவில் இரண்டு விரலால் லேசாகத் தொட்டுப் பாருங்கள். முற்றல் என்றால் விதை உருண்டை உருண்டையாகத் தட்டுப்படும். வரப்பு போல இருக்கும் ஓரங்கள் கெட்டியாக இருக்கும். நிறமும் வெளுத்திருக்கும். ஒரே குவியலில் ரொம்பப் பெரிசாக இருப்பதை எடுக்காதீர்கள். (பெரிசா இருந்தா நல்லதுன்னு எங்க சித்தப்பா எடுத்துட்டு வருவார், சாம்பாரில் நாராக மிதக்கும்.)

தக்காளியைக் கட்டை விரலால் அமுக்குவதும் இதே மாதிரிதான். அமுக்கிய காய் அப்போது நன்றாகத்தான் இருக்கும், மறுநாள் அந்த இடத்திலேயே அழுகும், பக்கத்துப் பழத்தையும் கெடுக்கும். உள்ளங்கையில் வைத்துப் பார்த்தாலே போதும். சுரைக்காயில் நகத்தால் கீறவும் வேண்டாம்.

கத்தரிக்காய்க்குக் காம்பு பச்சையாக இருக்கணும், ஓட்டை இருக்கக் கூடாது. கிலோ 30 என்று மலிவாக வாங்கி, அதில் கால்வாசி சொத்தை என்றால் முக்கால் கிலோவுக்கு 30 கொடுத்திருக்கிறோம். அதாவது கிலோ 40! உருளைக்கிழங்கில் தோல் பச்சையாக இருந்தால் எடுக்காதீர்கள். வெயில் பட்டால் அப்படி ஆகும், அதில் சொலனின் என்ற நச்சுப் பொருள் கூடியிருக்கும்.

கடைசியாக, எலக்ட்ரானிக் தராசு என்றால் காய் வைப்பதற்கு முன்னால் 0 காட்டுகிறதா என்று பாருங்கள். எங்க அப்பத்தா தராசையும் பார்க்கலாம், கோபிக்க மாட்டார்.

— ஒன்பதாம் வகுப்பு மாணவி