பெட்டியைத் திறக்கும் முன்

அன்பு மகளே,

ஆவணக் காப்பகத்தில் சேர்ந்துவிட்டாய் என்று கேட்டு மனசு நிறைந்தது. நாற்பது வருடம் அந்தத் தூசியில் கிடந்தவன் சொல்கிறேன், கேட்டுக்கொள்.

1. தாள் வேறு, எழுத்து வேறு. நன்கொடையாக வந்த கட்டிலிருந்து ஒரு இன்லண்ட் கடிதத்தைப் பெரிதாக அச்சடித்துக் கண்காட்சியில் மாட்டினேன். எழுதியவரின் மகள் வந்து, வரிவரியாக விரல் வைத்துப் படித்தார். "அப்பா இதைச் சிநேகிதருக்குத்தானே எழுதினார்?" என்று மட்டும் கேட்டார். கடிதத்தாள் பெற்றவருடையது, வாசகத்தின் உரிமை எழுதியவருக்கும் அவர் வாரிசுக்கும் உரியது. அன்றுதான் எனக்கு உறைத்தது.

2. புத்தகத்தின் வயதைப் பார்க்காதே. ஆசிரியர் மறைந்த ஆண்டைத் தேடு. நம் 1957-ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டப்படி, வாழ்நாளில் வெளியான எழுத்துக்கு, ஆசிரியர் இறந்த மறு ஆண்டிலிருந்து 60 ஆண்டு உரிமை உண்டு. உ.வே.சா. 1942-இல் மறைந்தார், கணக்கு 2002 டிசம்பரில் முடிகிறது. இறந்தபின் முதன்முதலாக அச்சேறியதென்றால், அச்சேறிய ஆண்டை வைத்து எண்ணு.

3. பயமும் ஒரு கரையான்தான். உரிமை யாருடையதோ என்று அஞ்சி, ஒரு பழைய இதழ்த் தொகுப்பை ஸ்கேன் செய்யாமல் வைத்திருந்தேன். பிறகு எடுத்தபோது விரலிலேயே பொடிந்தது. லாபநோக்கற்ற பொது நூலகம் தன்னிடமுள்ள பிரதியைப் பாதுகாப்புக்காக மின்வடிவில் சேமிக்கலாம். அதே சட்டத்தின் 2012 திருத்தம் அந்த வழியைத் திறந்தது. சேமிக்கத்தான் அந்த அனுமதி. இணையத்தில் ஏற்றுவதற்கு அல்ல.

4. வாய்வார்த்தையை நம்பிப் பெட்டியை வாங்காதே. "எல்லாம் உங்களுக்குத்தான்" என்றார் ஒரு பெரியவர். அவர் போனபின் பிள்ளைகள் ஆளுக்கொன்று சொன்னார்கள். தாளை மட்டும் தருகிறாரா, உரிமையையும் தருகிறாரா என்று அன்றே எழுதிக் கையெழுத்து வாங்கு. மனம் கோணாமல் கேட்கத் தெரிவதும் இந்த வேலையில் பாதி.

5. உரிமை முடிந்தாலும் மரியாதை முடிவதில்லை. பாரதியின் பாடல்களின் உரிமையை 1949-இல் அரசு வாங்கி, பின்னர் மக்களுக்கே பொதுவாக்கியது. ஊர்க்கிணறு என்பதற்காக யாரும் அதில் குப்பை போடுவதில்லையே. பெயரைப் போடு, பாடத்தைச் சிதைக்காதே.

6. தவறினால் நீயே போய்ச் சொல். கண்காட்சிக்கு வந்த அந்த மகளின் வீட்டுக்குப் போய் மன்னிப்புக் கேட்டேன், மாட்டியிருந்த கடிதத்தை இறக்கினேன். மறு வருடம் மஞ்சள் பையில் அப்பாவின் டைரிகளைக் கொண்டுவந்து என் மேஜைமேல் வைத்தார். மேலாக, அவர் கைப்பட எழுதிய அனுமதிக் கடிதம் இருந்தது.