எண்ணெய்க்கு ஏற்ற ரப்பர் எது?

ஜொகூரின் குளுவாங், சிகாமாட் தோட்டங்களில் பால்வெட்டிய தலைமுறைக்கு ரப்பரைப் பற்றிப் பாடம் எடுக்கத் தேவையில்லை. ஆனால் பாசிர் கூடாங் ஆலைகளின் டிரான்ஸ்பார்மர்களில் எண்ணெய் கசியாமல் காக்கும் ரப்பர் வேறு இனம். அதைப் பற்றி நான்கு தவறான நம்பிக்கைகள் உலவுகின்றன.

நம்பிக்கை 1: நல்ல ரப்பர் எந்த எண்ணெயையும் தாங்கும்.

உண்மை: இயற்கை ரப்பரும் டிரான்ஸ்பார்மரின் கனிம எண்ணெயும் ஹைட்ரோகார்பன்களே. அதனால் எண்ணெய் எளிதாக உள்ளே புகும். ரப்பர் ஊதி வலுவிழக்கும். வெயிலையும் மழையையும் நன்றாகத் தாங்கும் இபிடிஎம் ரப்பருக்கும் இதே கதிதான். எண்ணெய்க்கு ஈடுகொடுப்பது நைட்ரைல் ரப்பர். அதிலுள்ள அக்ரிலோநைட்ரைலின் பங்கு ஏறக்குறைய 18 முதல் 50 சதவீதம் வரை இருக்கும். பங்கு கூடினால் எண்ணெய் புகுவது குறையும். குளிரில் விறைப்பு கூடும். ஜொகூரில் குளிர் ஒரு கவலை இல்லை. இபிடிஎம், நைட்ரைல் இரண்டும் பெரும்பாலும் கறுப்பாகவே வருவதால் கண்ணை நம்பி வாங்கக் கூடாது.

நம்பிக்கை 2: சீல் கொஞ்சம் ஊதினாலே கெட்டுவிட்டது.

உண்மை: சிறிதளவு ஊதினால் இடைவெளி இன்னும் இறுக அடைபடும். சுருங்குவதுதான் ஆபத்து. பல ஆண்டு எண்ணெயில் ஊறிய கேஸ்கெட் என்ற தட்டைச் சீலை எண்ணெய் வடித்துக் காயவிட்டால் அது சுருங்கும். மறுபடி நிரப்பும்போது கசியும்.

நம்பிக்கை 3: கசிவு இல்லையென்றால் பொருத்தம் சரி.

உண்மை: ரப்பரிலுள்ள கந்தகமும் மென்மையாக்கிகளும் எண்ணெயில் கரைந்து அதன் மின்காப்பைக் கெடுக்கலாம். இதற்காகவே ஏஎஸ்டிஎம் டி3455 சோதனை இருக்கிறது. ரப்பர் துண்டை எண்ணெயில் போட்டு 100 பாகை செல்சியஸில் 164 மணி நேரம் வைப்பார்கள். துண்டு போடாத எண்ணெயையும் அதே சூட்டில் வைப்பார்கள். பிறகு இரண்டின் அமிலத்தன்மை, நிறம், மின்னிழப்பு ஆகியவற்றை ஒப்பிடுவார்கள்.

நம்பிக்கை 4: தாவர எண்ணெய் சாதுவானது, பழைய சீலே போதும்.

உண்மை: டிரான்ஸ்பார்மரில் கனிம எண்ணெய்க்குப் பதிலாக ஊற்றும் தாவர எண்ணெய்கள் எஸ்டர் வகை. கனிம எண்ணெயில் ஒழுங்காக இருந்த ரப்பர் எஸ்டரிலும் அப்படியே இருக்கும் என்று சொல்ல முடியாது. இதே வகையைச் சேர்ந்த செயற்கை எஸ்டர் எண்ணெய் சூடாக ஓடும் இடங்களில் அக்ரிலோநைட்ரைல் மிகுந்த நைட்ரைலையோ ஃப்ளூரோ ரப்பரையோ தேர்ந்தெடுப்பார்கள். எண்ணெய் வகையை மாற்றும்போதே கேஸ்கெட்டையும் மாற்றிவிடுவது நல்லது.

கடையில் ‘எண்ணெய்க்கு ஒரு ரப்பர்’ என்று மட்டும் கேட்காதீர்கள். எந்த எண்ணெய், எவ்வளவு சூடு என்று சொல்லி, ரப்பரின் வகையை எழுத்தில் வாங்குங்கள்.